மலையகத்துக்கு இன்னும் நான்கு கோச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். வேலை கண்டியில்; வாரக்கடைசியில் வீடு. மலையகப் பாதையில் கூடுதல் ரயில் வேண்டும் என்று அயலவர் சிலருடன் சேர்ந்து சில வருடங்களாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து வாங்கப் போகும் இடமெல்லாம், தேநீர்க் கடையானாலும் கோயில் வாசலானாலும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமானாலும், அதே கேள்விகள்தான் வருகின்றன. வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். மனுவில் 'புகையிரதம்' என்று எழுதுவோம். வீட்டில் அது கோச்சிதான்.

நான்கு கோச்சி என்கிறீர்களே, எவை அவை?

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ஹட்டனில் அதிகாலை புறப்பட்டு, வட்டவளை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக, அலுவலகமும் ஆஸ்பத்திரி கிளினிக்கும் தொடங்குவதற்குள் கண்டிக்குச் சேரும் ஒன்று. வேலை முடிந்த பிறகு கண்டியிலிருந்து அதே வழியில் திரும்பும் ஒன்று. ஊவாப் பக்கத்தில் ஹப்புத்தளையிலிருந்து தியத்தலாவ, பண்டாரவளை, எல்ல, தெமோதரை வழியாகப் பதுளைக்குக் காலையில் ஒன்று, மாலையில் திரும்ப ஒன்று. இப்போது ஓடும் சேவைகளுக்கு மேலாகத்தான் இவற்றைக் கேட்கிறோம்.

என் சொந்த ஊரான வட்டகொடை இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதையும் சேர்க்க, ஹட்டனுக்கு மேலே நானுஓயாவிலிருந்து தொடங்கினால் விடியற்காலை நாலரைக்கே கிளம்ப வேண்டும். அந்தக் குளிரில் ஏற ஆள் வராது. ஆள் இல்லாத கோச்சியைக் கேட்டு வாங்கினால் ஆறு மாதத்தில் அதையும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த மனுவுக்கும் மதிப்பிருக்காது.

பஸ் இருக்கிறது, வேன் இருக்கிறது. கோச்சி எதற்கு?

மூன்று சம்பவங்களை மட்டும் நினைவூட்டுகிறேன். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் பஸ், வேன், ஆட்டோ மூன்றும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர். மூன்றும் நாமெல்லோரும் போய்வரும் வளைவுகள்.

சாரதிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரவு முழுவதும் ஓட்டி, விடியும்போது மூடுபனியில் இறக்கம் இறங்குகிற மனிதனிடம் நாம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம். அவன் ஒரு நொடி கண் அயர்ந்தால் பள்ளம். கோச்சியின் கதை வேறு: தண்டவாளம் வழி காட்டும், ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்ததற்கு அனுமதி இல்லாமல் அது நகரவே நகராது. அதிலும் விபத்து நடக்கும்தான். ஆனால் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பும் நாளில் எதில் ஏற்றிவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

எரிபொருள் விஷயமும் உண்டு. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது கோச்சியில் கால் வைக்க இடமில்லை. மிதிபலகையில் தொங்கியவர்களில் கார் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். எண்ணெய் வந்தவுடன் எல்லோரும் மறந்துவிட்டோம்.

கோச்சி மெதுவாகத்தானே போகும்? ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்தான் சீக்கிரம்.

உண்மைதான். இதை மறைத்து எந்த மனுவும் எழுத முடியாது. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை 292 கிலோமீற்றர். போய்ச் சேரப் பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகும். சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தொடாது.

காரணம் மலை. வெள்ளைக்காரன் முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் போட்ட பாதை இது: 1867இல் கண்டி, 1885இல் நானுஓயா, 1924இல்தான் பதுளை. 44 அடி ஓடினால் ஓரடி ஏறும் சரிவுகள் இதில் உண்டு. சில வளைவுகளின் ஆரம் நூறு மீற்றர்தான். பட்டிப்பொல ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு அகலப் பாதையில் ஒரு ரயிலை ஏற்றிக்கொண்டு போவதே பெரிய காரியம். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் கடந்து வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. எவ்வளவு பணம் கொட்டினாலும் இங்கே வேக ரயில் ஓடாது.

ஹட்டன்காரர்களுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. அவிசாவளை வழியாக வீதியில் போனால் கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கோச்சியோ வடக்கே பொல்கஹவெல வரை போய், கடுகண்ணாவ ஏறி, பேராதனையில் திரும்பி வருகிறது, 173 கிலோமீற்றர். இந்தப் போட்டியில் பஸ்ஸை வெல்ல முடியாது, வெல்ல முயல்வதும் வீண். அதனால்தான் நாங்கள் கொழும்பைக் கேட்கவில்லை. ஹட்டன்–கண்டி, ஹப்புத்தளை–பதுளை போன்ற குறுந்தூரங்களில் வீதியும் வளைந்து வளைந்துதான் போகிறது, அங்கே வித்தியாசம் சில நிமிடங்கள்தான். நான் வேகத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். சரியான நேரத்தில் ஒரு கோச்சி இருக்கிறதா, அது நாளைக்கும் அதே நேரத்துக்கு வருமா என்பதைத்தான் பேசுகிறேன்.

ஒற்றைத் தண்டவாளத்தில் இன்னும் எத்தனை கோச்சியை விட முடியும்?

ரம்புக்கனைக்கு அப்பால் பாதை ஒற்றை. ஏறுவதும் இறங்குவதும் அதே தண்டவாளத்தில்தான். எனவே ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போக வேண்டும்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் சிறு வயதில் நான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சி ஒன்றைச் சொன்னால் விளங்கும். ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் ஓர் இரும்புப் பெட்டி. பக்கத்து ஸ்டேஷனிலும் அதேபோல் ஒன்று. இரண்டும் கம்பியால் இணைந்தவை. பாதை காலியாக இருக்கிறதா என்று மணி அடித்துக் கேட்பார். அங்கிருந்து பதில் மணி வந்தால்தான் பெட்டியிலிருந்து ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அதுதான் டேப்லட். ஒன்று வெளியே வந்துவிட்டால் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அது மறுமுனையில் உள்ளே போகும்வரை இன்னொன்று வராது. தகட்டைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்பார்கள். இஞ்சின் மெதுவாக வரும். உதவிச் சாரதி ஒரு கையால் பழைய வளையத்தைக் கொடுத்து, மறு கையால் புதியதைத் தோளில் வாங்கிக்கொள்வார். நழுவினால் கோச்சி நிற்க வேண்டியதுதான்.

நூறு வருடத்துக்கும் மேற்பட்ட இந்த முறைதான் மலையகத்தில் இன்னும் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறது. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதன் கணக்கு இறுக்கமானது. இரண்டு ஸ்டேஷன்களுக்கிடையே ஓட 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போய் இன்னொன்று எதிரே வருவதற்குள் 40 நிமிடம் தீர்ந்துவிடும். இடையில் ஒரு ஸ்டேஷனை ஆள் இல்லை என்று மூடினாலோ, ஒதுங்கு பாதையைத் துருப்பிடிக்க விட்டாலோ, அந்த 20 நிமிடம் 35 ஆகிவிடும். கூடுதல் கோச்சிக்கு முதல் தேவை புதிய தண்டவாளம் என்று நினைக்காதீர்கள். சின்ன ஸ்டேஷன்களில் ஆளும், பாவிக்கக்கூடிய ஒதுங்கு பாதையும் இருந்தால் நான்கு சேவைக்கு இடம் கிடைக்கும். அதிகாலையில் பாதை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது.

இருபுறமும் ஓட்டும் அறை உள்ள பவர் செட் என்றால் இன்னும் நல்லது. கடைசி ஸ்டேஷனில் இஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டும் நேரம் மிச்சம்.

இரட்டைத் தண்டவாளம் போட்டால் என்ன?

சிங்கமலைச் சுரங்கம் மட்டும் அரைக் கிலோமீற்றருக்கு மேல். அதைப்போல் சின்னதும் பெரியதுமாக வழியெல்லாம் சுரங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொன்று குடைய வேண்டும், அதுவும் மழை பெய்தால் வழுகும் மலையில். அந்தக் காசுக்கு வேறு நூறு வேலை செய்யலாம்.

இருக்கிற கோச்சியிலேயே டிக்கெட் கிடைப்பதில்லை. புதிதாக விட்டாலும் வெளிநாட்டுக்காரருக்குத்தானே போகும்?

இந்தக் கோபம் எனக்கும் உண்டு. கண்டியிலிருந்து எல்ல வரையான பாதை உலகப் புகழ் பெற்றுவிட்டது. நீலப் பெட்டியின் வாசலில் தொங்கிப் படம் எடுப்பதற்காகவே விமானம் ஏறி வருகிறார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் மனிதர்களை ஒதுக்கித்தான் கோச்சியே போகிறது. முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். திறந்த சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு அதே டிக்கெட் பல மடங்கு விலைக்கு வெளியே கிடைக்கும். 2025 தொடக்கத்தில் இந்தக் கள்ள வியாபாரம் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணை வரைக்கும் போனது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு ஸ்டேஷன் கவுண்டரில் அம்மாவோடு நின்றேன். ஊர் பெயர் வேண்டாம். முன்பதிவு பூச்சியம் என்றார்கள். வெளியே வந்தால், யாரென்று தெரியாத ஒருவர் அருகில் வந்து 'எத்தனை பேர்?' என்று மெதுவாகக் கேட்டார். அம்மா அவரை முறைத்த முறையில் அவர் தேநீர்க் கடைக்குள் போய்விட்டார். மூன்றாம் வகுப்பில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், புடவைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் அம்மா வந்தார்.

ஆகவே மனுவில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: நான்கு சேவையிலும் முன்பதிவு வேண்டாம், அவதானிப்புப் பெட்டி வேண்டாம், எல்லா ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும், சீசன் டிக்கெட் செல்ல வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் காலைக் கோச்சியில் சுற்றுலாக்காரர் ஏறினால் ஏறட்டும். வடை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நம்மோடு வரட்டும். சுற்றுலா ரயில்களை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. புகையிரதத் திணைக்களத்துக்கு வரும்படி தருபவை அவைதான்.

எங்கள் தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கே ஒரு மணி நேரம். எங்களுக்கு என்ன பிரயோசனம்?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் நியாயமான கேள்வி. பதிலும் முழுமையானதல்ல.

பாதை போட்டவர்கள் தேயிலைப் பெட்டியை ஏற்றும் வசதியைப் பார்த்தார்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்க்கவில்லை. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைக்காரருக்கு ஹட்டன்தான் ஸ்டேஷன். அக்கரப்பத்தனை, டயகம, லிந்துலைக்காரர் தலவாக்கலைக்கு இறங்க வேண்டும். பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு வருவதே ஒரு பயணம். விடியற்காலையில் அந்தத் தோட்டங்களிலிருந்து ஆட்டோ பிடித்தால், கோச்சியில் மிச்சம் பிடித்த காசு ஆட்டோவோடு போய்விடும்.

எனவே கோச்சி மட்டும் வந்தால் போதாது. அதன் நேரத்துக்கு ஒரு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வர வேண்டும். இப்போது நடப்பது என்ன? பஸ் நிலையம் ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம். இரண்டு நேர அட்டவணையையும் எழுதியவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை போலிருக்கிறது. கோச்சி பத்து நிமிடம் பிந்தினால் கடைசி பஸ் போய்விடும். மழையில் நனைந்துகொண்டு ஆட்டோவிடம் பேரம் பேச வேண்டும்.

செய்ய முடியாத காரியமா? சிவனொளிபாதமலைப் பருவத்தில், டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை, ஹட்டனில் பாருங்கள். நள்ளிரவில் கோச்சி வந்தாலும் வாசலில் மலையடியான நல்லதண்ணிக்கு பஸ் நிற்கிறது. யாத்திரிகருக்குச் செய்ய முடிந்ததைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகளுக்கும் செய்யலாம். அவள் கண்டியில் தாதியர் பயிற்சிக்குப் போகிறவளாக இருக்கலாம்.

நுவரெலியா நகருக்கே முன்பு கோச்சி போனதாமே?

போனது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு குறுகிய பாதை 1900களின் முதல் சில வருடங்களில் திறக்கப்பட்டது. லொறியும் பஸ்ஸும் வந்த பிறகு ஏற்றுவதற்குச் சரக்கும் ஆளும் குறைந்து, 1940களில் மூடிவிட்டார்கள். அதை மீண்டும் போடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ் அரை மணி நேரத்தில் போய்விடும். பாதை ஒருமுறை கைவிடப்பட்டால் திரும்ப வராது என்பதற்கு அது உதாரணம். எங்கள் மனுவில் அதற்கு இடமில்லை.

மழைக்காலத்தில் மண் சரிந்தால் கோச்சி நின்றுவிடுமே?

நிற்கும். வீதியும் நிற்கும். தென்மேற்குப் பருவ மழையில் வட்டவளை, கலபொடப் பக்கம் மண் இறங்கும். வருடக் கடைசி மழையில் பதுளைப் பக்கம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அடித்தது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. மலையகப் பாதை பல இடங்களில் உடைந்து சேவை நின்றது, வீதிகளும் அறுந்தன. பயணத்துக்கு முன் ஸ்டேஷனிலோ, 1919 என்ற அரசாங்கத் தகவல் இலக்கத்திலோ கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

புயலுக்குப் பிறகு, 'இனி இந்தப் பாதைக்குச் செலவு செய்வது வீண்' என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். வீதி உடைந்தபோது அப்படி யாரும் சொல்லவில்லை. தண்டவாளத்தின் கீழே மலைத் தண்ணீர் ஓட வெட்டிய பழைய கான்கள் அடைபட்டுக் கிடப்பதை, கோச்சியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பாதை பார்க்கும் தொழிலாளர் கூட்டமாக வேலை செய்த இடத்தில் இன்று ஓரிருவர்தான் தென்படுகிறார்கள். உடைந்ததைக் கட்டும்போது கான்களையும் பெரிதாகக் கட்டுங்கள், அவற்றைத் துப்புரவாக்க ஆளையும் போடுங்கள். இதையும் மனுவில் எழுதியிருக்கிறோம்.

நட்டத்தில் ஓடும் திணைக்களத்துக்கு மேலும் சுமை ஏற்றலாமா?

வீதி லாபத்தில் ஓடுகிறதா? மண் சரிந்தால் திறைசேரிக் காசில் கட்டுகிறார்கள். அதை 'அபிவிருத்தி' என்கிறோம். தண்டவாளத்துக்குச் செலவழித்தால் 'நட்டம்' என்கிறோம். யாழ்ப்பாணத்துக்கு 1990இல் நின்ற ரயில் 2014 அக்டோபரில் திரும்ப வந்ததே, அன்று யாரும் லாபக் கணக்குக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நல்லதுதான்.

கார், வேன் வைத்திருப்பவர்கள் இறங்கி வருவார்களா?

எல்லோரும் வர மாட்டார்கள். வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் திறந்த பிறகு, லீசிங் எடுத்தாவது ஒரு வண்டி வாங்கும் ஆசை கூடியிருக்கிறது. எனக்கும் உண்டு. தவணை கட்டும் ஒருவருக்கு அந்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு டிக்கெட் எடுக்க மனம் வராது. முதலில் வரக்கூடியவர்கள், வேறு வழியில்லாமல் மாத வாடகைக்கு வேன் பேசிப் போகிற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள். அவர்களில் பாதிப்பேர் வந்தாலே இரண்டு பெட்டி நிறைந்துவிடும்.

வேன்காரர் பிழைப்பு?

ஸ்டேஷனுக்கு ஆள் கொண்டுவரவும் வண்டி வேண்டும்தானே. வேன்காரர் இருவர் எங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் போட மறுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

மரக்கறியையும் கோச்சியில் ஏற்றலாமே?

லீக்சையும் கரட்டையும் தோட்டத்தில் லொறியில் ஏற்றி, ஸ்டேஷனில் இறக்கி, பெட்டியில் ஏற்றி, கொழும்பில் மறுபடி இறக்கினால் பாதி நசுங்கிவிடும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பழைய ஆட்கள் சிலர் கோச்சி என்றாலே முகம் வாடுகிறார்களே, ஏன்?

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் இந்த ஸ்டேஷன்களில்தான் ஏறினார்கள். தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பல். மேடையில் பாதிக் குடும்பம், பெட்டிக்குள் பாதிக் குடும்பம். என் பாட்டி தன் தங்கையை அப்படித்தான் அனுப்பினார். பிறகு பார்க்கவே இல்லை. ஹட்டன் மேடையில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார் என்று எனக்குக் காட்டியிருக்கிறார். கையெழுத்துக் கேட்கும்போது இதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

நான் என்ன செய்ய வேண்டும்?

கையெழுத்து மட்டும் போதாது, எத்தனை பேர் ஏறுவார்கள் என்றுதான் காரியாலயத்தில் கேட்பார்கள். பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள், எதில் ஏறினீர்கள், எங்கே மாறினீர்கள், எவ்வளவு காத்திருந்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள். அடுத்த லயத்துக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். கொப்பியை வாங்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். தேநீர் மட்டும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் ஐந்து வீட்டில் குடித்திருப்பேன்.